மாட்டின் சிறுநீர் சிவப்பாகப் போனால் ஒரே நோய்தானா? ஒரு சொட்டு ரத்தம் காட்டிக்கொடுக்கும் உண்மை... விரிவான அலசல்!

*ஊசி போடுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. மாட்டைக் காப்பாற்றுவதும், மருந்துச் செலவைக் குறைப்பதும், சில நேரம் வீட்டில் உள்ளவர்களின் உயிரைக் காப்பதும் அதுதான். ஆனாலும் நம் ஊரில் பெரும்பாலும் கடைசியாகத்தான் அதைப் பற்றி யோசிக்கிறோம். ஏன்?*

அதிகாலையில் பால் கறக்கப் போகிறார் ஒரு விவசாயி. மாடு தீவனத்தைத் தொடவில்லை. அசை போடவில்லை. உடம்பு கொதிக்கிறது. கொஞ்ச நேரத்தில் போகும் சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறது. "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுட்டு இருந்துச்சு" என்பதுதான் அவர் மருத்துவரிடம் சொல்லும் முதல் வார்த்தை.

இது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எலி மூலம் பரவும் கிருமியாக இருக்கலாம். கன்று ஈன்ற பின் வரும் பாஸ்பரஸ் சத்துக் குறைவாக இருக்கலாம். மலைப் பகுதி மாடாக இருந்தால், மேய்ச்சலில் தின்ற ஒரு செடியின் விளைவாகவும் இருக்கலாம். காரணம் நான்கு, வைத்தியமும் வேறு வேறு. வெளியே தெரிவதோ ஒரே சிவப்பு நிறம்தான்.

அப்படியென்றால் எதை வைத்து முடிவு செய்வது? இங்கேதான் ரத்தமும் திசுவும் பேசத் தொடங்குகின்றன.

முதலில் சிறுநீர்... பிறகு ரத்தம்!

ஆய்வகத்தில் செய்யும் முதல் சோதனை ரொம்ப எளிமையானது. சிவப்பான சிறுநீரை ஒரு குழாயில் ஊற்றி, மையவிலக்கு இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுவார்கள். சிவப்பு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றால், சிறுநீரில் கலந்திருப்பது முழுமையான ரத்தச் சிவப்பணுக்கள். அதாவது சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ ரத்தக் கசிவு இருக்கிறது. எவ்வளவு சுழற்றினாலும் சிவப்பு நிறம் அப்படியே நின்றால், அணுக்கள் ரத்தத்துக்குள்ளேயே உடைந்து, அதிலிருந்த ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கியிருக்கிறது.

நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் பிராக்கன் எனும் பெரணிச் செடியை நீண்ட காலம் மேயும் மாடுகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்து ரத்தம் கசியும். அது முதல் வகை. உண்ணிக் காய்ச்சலும் பாஸ்பரஸ் குறைவும் இரண்டாவது வகை. ஆக, முதல் சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது ரத்தப் பூச்சு. மாட்டின் காது நுனியில் லேசாகக் குத்தி, வரும் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுக்கிறார்கள். உலர்ந்த பின் ஜீம்சா அல்லது லீஷ்மேன் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பெரிய நரம்பை விட்டுவிட்டுக் காது நுனியை ஏன் தேடுகிறார்கள்? சில ஒட்டுண்ணிகள் நுண்ணிய ரத்த நாளங்களில்தான் அதிகமாகத் தங்கும் என்பதே காரணம்.

சாயம் ஏற்றிய தகட்டில் என்ன தெரியும்?

சிவப்பணுவுக்குள் இரண்டு பேரிக்காய்கள் காம்போடு ஒட்டிக்கொண்டது போல ஜோடியாகத் தெரிந்தால், அது பெபீசியா. சிவப்பு சிறுநீருக்கான முக்கியக் குற்றவாளி.

சிவப்பணுவின் விளிம்பில் மையால் புள்ளி வைத்தது போல இருந்தால், அது அனப்பிளாஸ்மா. இதில் சிறுநீர் சிவக்காது. மாடு வெளிறிப் போகும், மஞ்சள் காமாலை தட்டும்.

சிவப்பணுவுக்குள் மோதிரம் போன்ற சிறு வடிவங்களும், வீங்கிய நிணநீர்க் கணுவில் ஊசி வைத்து எடுத்த வெள்ளையணுக்களுக்குள் நீலத் திட்டுகளும் தெரிந்தால், அது தைலீரியா. கலப்பின மாடுகளை அதிகம் தாக்கும் நோய் இது.

அணுக்களுக்கு வெளியே பாம்புக்குட்டி நெளிவது போல ஓடினால், அது டிரிபனோசோமா. இதனால் வருவது 'சர்ரா' நோய்.

இந்த நான்குக்கும் மருந்து ஒன்றல்ல. பெபீசியாவுக்கு டைமினசின், அனப்பிளாஸ்மாவுக்கு டெட்ராசைக்ளின் வகை, தைலீரியாவுக்கு பூபர்வாகுவோன் என ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து உண்டு. ஒன்றுக்கு உரிய மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால், பணமும் போகும், நேரமும் போகும். சில நேரம் மாடும் போய்விடும். தகட்டில் எந்த ஒட்டுண்ணியும் இல்லாமல், ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு மட்டும் குறைந்திருந்தால், அந்த மாட்டுக்குத் தேவை கிருமிக்கொல்லியே அல்ல. பாஸ்பரஸ் சத்துதான்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. நூறு ஆண்டைத் தாண்டிய வித்தை இது. 1876-ல் ராபர்ட் கோக், அடைப்பான் நோயால் இறந்த விலங்குகளின் ரத்தத்தில் இருந்த கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று நிரூபித்தார். 1880-ல் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில், குதிரைகளையும் ஒட்டகங்களையும் வாட்டிய சர்ரா நோய்க்கான ஒட்டுண்ணியை ரத்தத்தில் கண்டவர் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர். அந்த ஒட்டுண்ணி இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. 1893-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாடுகளின் பெபீசியா நோயை உண்ணிதான் பரப்புகிறது என்று காட்டினார்கள். கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டறிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால் ஆகாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. தெருவுக்குத் தெரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கும்போது, கால்நடைக்கு மட்டும் தனி லேப் எதற்கு?

காரணம் அணுக்களின் அளவிலேயே இருக்கிறது. மனிதச் சிவப்பணுவின் விட்டம் ஏழு மைக்ரானுக்குச் சற்று அதிகம். நாயின் அணு கிட்டத்தட்ட அதே அளவு. மாட்டுடையது அதைவிடச் சிறியது. வெள்ளாட்டின் அணுவோ மனித அணுவில் ஏறத்தாழ பாதிதான். ஒட்டகத்தின் அணு நீள்வட்டமாக இருக்கும். கோழியின் சிவப்பணுவில் உட்கருவே இருக்கும். மனித ரத்தத்துக்கு அளவு வைத்த இயந்திரம், வெள்ளாட்டின் சிவப்பணுவைத் தட்டணு என்று எண்ணிவிடும். கோழியின் சிவப்பணுவை வெள்ளையணு என்று கணக்குக் காட்டிவிடும்.

'நார்மல்' என்பதும் இனத்துக்கு இனம் மாறும். நாயின் ரத்தத்தில் நியூட்ரோபில் வகை வெள்ளையணு அதிகம், மாட்டின் ரத்தத்தில் லிம்போசைட் அதிகம். நாய்க்குக் கடும் தொற்று வந்தால் வெள்ளையணு எண்ணிக்கை ஏறும். மாட்டுக்குக் கடும் தொற்றின் தொடக்கத்தில் எண்ணிக்கை இறங்கக்கூட செய்யலாம். இது தெரியாமல் அறிக்கையைப் படித்தால், நோய் முற்றுகிற மாட்டைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

கட்டி என்றால் கத்திதானா?

வீட்டு நாயின் உடலில் ஒரு கட்டி தென்படுகிறது. அது வெறும் கொழுப்புக் கட்டியா, சீழ்க் கட்டியா, புற்றா? தடவிப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கு மெல்லிய ஊசி போதும். கட்டிக்குள் ஊசியைச் செலுத்திச் சில செல்களை உறிஞ்சி, தகட்டில் தெளித்துச் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறை இது. பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது. கொழுப்புத் துளிகள் மட்டும் வந்தால் பயம் இல்லை. ஊதா நிறத் துகள்கள் நிரம்பிய செல்கள் வந்தால் மாஸ்ட் செல் புற்று என்ற சந்தேகம் வலுக்கும்.

தெருநாய்களிடம் அதிகம் காணப்படும் ஒரு புற்று உண்டு. இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் புற்று செல்களே நேரடியாகத் தொற்றிப் பரவும் வினோத நோய் அது. பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் காலிஃபிளவர் போன்ற கட்டியாக வளரும். பார்ப்பவர்கள் "இனி பிழைக்காது" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கட்டியின் மேல் தகட்டை ஒற்றி எடுத்துப் பார்த்தால், சிறு குமிழ்கள் நிறைந்த உருண்டை செல்கள் அடையாளம் காட்டிவிடும். வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறை சில வாரங்கள் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் குணமாகின்றன. கைவிடப்பட வேண்டிய நாயா, காப்பாற்றக்கூடிய நாயா என்பதை ஒரு தகடு முடிவு செய்கிறது.

ஊசி மாதிரியில் தெளிவு கிடைக்காவிட்டால்தான் திசுத் துண்டு எடுப்பார்கள். ஊசியில் வருவது தனித்தனி செல்கள். செங்கல்லைப் பார்த்துச் சுவரின் அமைப்பைச் சொல்ல முடியாதல்லவா? சுவரைப் பார்க்கத் திசு வேண்டும்.

பால் மாட்டின் மடியிலும் இதே கதைதான். மடிநோய் வெளியே தெரியும் முன்பே பாலில் வெள்ளையணுக்கள் கூடிவிடும். பாலையும் ஒரு சோதனைத் திரவத்தையும் தட்டில் கலந்து சுழற்றினால், அணுக்கள் அதிகமுள்ள பால் கொழகொழவென்று திரளும். சில நொடிகளில், மாட்டின் அருகிலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது.

இறந்த உடல் சொல்லும் சாட்சியம்

உயிரோடு இருக்கும் விலங்கை மட்டும் அல்ல, இறந்த விலங்கையும் சோதிக்க வேண்டும். ஏனென்றால் அது மற்ற விலங்குகளைக் காப்பாற்றும்.

2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் வனப்பகுதியில் 23 ஆசிய சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. சிங்கங்களுக்குள் நடந்த சண்டைதான் காரணம் என்று முதலில் பேசப்பட்டது. மாதிரிகளைச் சோதித்த புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம், நாய்களிடம் காணப்படும் கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ் இருப்பதை உறுதி செய்தது. உண்ணி பரப்பும் பெபீசியாவும் சில சிங்கங்களில் இருந்தது. அதன் பிறகே அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத ஒரு சிங்க இனத்தின் எதிர்காலம், ஆய்வக அறிக்கையைச் சார்ந்து நின்ற நாட்கள் அவை.

பிணந்தின்னிக் கழுகுகளின் கதை இன்னும் பெரியது. 1990-களில் இந்தியத் துணைக்கண்டத்தில் கோடிக்கணக்கான கழுகுகள் மறைந்தபோது, ஏதோ புதிய வைரஸ் என்றே பலரும் நினைத்தனர். இறந்த கழுகுகளின் சிறுநீரகத் திசுவைச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்திருக்கிறது என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகளும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு இந்தத் தடைகள்தான் கவசம்.

அறுக்கவே கூடாத உடல் எது?

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். மாடோ ஆடோ திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால், அந்த உடலை அறுக்கவே கூடாது. அது அடைப்பான் நோயாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம்.

உடலைத் திறந்து காற்றுப் பட்டால், உள்ளே இருக்கும் கிருமி கடினமான வித்தாக மாறிவிடும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு கிடக்கும். அதே மேய்ச்சல் நிலத்தில் மறுபடியும் நோய் வெடிக்கும். தோலுரிப்பவர்களுக்கும், கறியைக் கையாள்பவர்களுக்கும், சாப்பிடுபவர்களுக்கும் உயிர் ஆபத்து. அதனால்தான் இந்தச் சந்தேகம் இருந்தால், பயிற்சி பெற்ற மருத்துவர் காது நரம்பிலிருந்து சில சொட்டு ரத்தம் மட்டுமே எடுப்பார். தகட்டில் நீலச் சாயம் ஏற்றினால், சதுர முனை கொண்ட நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். 2022 ஜூனில் கேரளாவின் அதிரப்பள்ளி வனப்பகுதியில் காட்டுப்பன்றிகள் இறந்தபோது, மாதிரிகளைச் சோதித்துத்தான் ஆந்த்ராக்ஸ் உறுதி செய்யப்பட்டது.

இன்னொரு எச்சரிக்கை ரேபிஸ் பற்றியது. உயிரோடு இருக்கும் நாயின் ரத்தத்தைச் சோதித்து "வெறி இல்லை" என்று சான்று தர முடியாது. இறந்த விலங்கின் மூளைத் திசுவில்தான் அதை உறுதி செய்ய முடியும். எனவே நாய் கடித்தவர்கள் எந்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திருக்கக் கூடாது. சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு மாட்டின் ரத்தம்... ஒரு நாட்டின் கணக்கு!

ரத்த மாதிரியின் இன்னொரு வேலை, நோய் இல்லை என்று நிரூபிப்பது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ரிண்டர்பெஸ்ட் எனும் வெக்கை நோய், இந்தியாவில் கடைசியாகக் கண்டறியப்பட்டது 1995-ல், தமிழ்நாட்டில். அத்துடன் நோய் ஒழிந்துவிட்டது என்று அறிவித்துவிட முடியவில்லை. ஊர் ஊராக மாடுகளின் சீரம் சேகரித்து, புதிதாக யாருக்கும் தொற்று வரவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. 2006-ல் இந்தியாவும், 2011-ல் உலகமும் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. பெரியம்மைக்குப் பிறகு மனிதகுலம் ஒழித்த இரண்டாவது நோய் அது.

இப்போது அதே பாதையில் கோமாரி நோய். 13,343 கோடி ரூபாய் மதிப்பில் 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் கோமாரியை ஒழிப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கும், நோய் வந்து போன மாட்டின் ரத்தத்திலும் இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? வைரஸ் உடலுக்குள் பெருகும்போது மட்டும் உருவாக்கும் சில புரதங்கள், சுத்திகரித்த தடுப்பூசியில் இருக்காது. அந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிந்தால், அந்த மாட்டை உண்மையான வைரஸ் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். தடுப்பூசித் திட்டம் வேலை செய்கிறதா என்பதற்கு இதுதான் நேர்மையான மதிப்பெண்.

கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோயிலும் ரத்தப் பரிசோதனைதான் வழி. காய்ச்சாத பால் மூலமும், விழுந்த கருவை வெறும் கையால் எடுப்பதாலும் மனிதருக்கும் பரவும் நோய் இது. மாட்டைச் சோதிப்பது வீட்டாரைக் காப்பதும்தான்.

அப்புறம் ஏன் பரிசோதனை நடப்பதில்லை?

முதல் காரணம், நேரம். 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் 53 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 95 லட்சம் மாடுகள். ஒரு மருத்துவர் காலையில் வரிசையில் நிற்கும் எல்லா மாடுகளையும் பார்க்க வேண்டும். தகடு இழுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் தேட ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும்.

இரண்டாவது, அவசரம். மாடு படுத்துவிட்டால் "முதல்ல ஊசியைப் போடுங்க டாக்டர்" என்பதே வீட்டார் கேட்பது. அதில் தவறு இல்லை. பல நேரம் முடிவு வரும் வரை காத்திருக்கவும் முடியாது. ஆனால் ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி கிடைப்பது கஷ்டம். மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, மாதிரியை முந்திக்கொண்டு எடுத்தால் போதும். இந்த இரண்டு நிமிட வரிசை மாற்றம்தான் பல இடங்களில் தவறிப்போகிறது.

மூன்றாவது, மாதிரி கெட்டுப்போவது. வெயிலில் பைக்கில் இரண்டு மணி நேரம் குலுங்கி வரும் ரத்தத்தில் அணுக்கள் தாமாகவே உடைந்துவிடும். உறையாமல் இருக்க வேண்டிய ரத்தத்துக்கு ஊதா மூடிக் குழாய், சீரத்துக்குச் சிவப்பு மூடிக் குழாய். மாற்றி எடுத்தால் பயன் இல்லை. திசுவின் அமைப்பைப் பார்க்க ஃபார்மலின் வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டிய திசுவை அதே ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும்.

இதன் விலை என்ன? நோய் எதுவென்று தெரியாமல் எல்லா மாட்டுக்கும் ஆன்டிபயாடிக் போடப்படுகிறது. தேவையில்லாத மருந்து பாலில் இறங்குகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக இருக்கும் கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது இந்த அச்சத்தால்தான்.

பரிசோதனையை அப்படியே நம்பலாமா?

முழுக்க நம்பவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. ஒருமுறை நோய் வந்து தேறிய மாட்டின் ரத்தத்தில் தைலீரியா, அனப்பிளாஸ்மா போன்றவை கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே இருக்கும். தகட்டில் ஒன்றிரண்டு தெரிந்தாலே இன்றைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எதுவும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. பிசிஆர் போன்ற நவீன சோதனைகள் மிகக் குறைந்த கிருமியையும் பிடிக்கும். ஆனால் அதனாலேயே பழைய தொற்றையும் புதியது போலக் காட்டலாம். அறிக்கையையும் மாட்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரின் கண்தான் கடைசித் தீர்ப்பு.

கால்நடை வளர்ப்போர் என்ன செய்யலாம்?

* காய்ச்சல் என்று தெரிந்த முதல் நாளே மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்தைக் கேட்கலாம்.
* "ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுத்துக்கலாமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.
* ஏற்கெனவே மருந்துக் கடையில் வாங்கி ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
* ரத்தக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். ஐஸ் கட்டி நேராகக் குழாயில் படக் கூடாது, உறைந்தால் அணுக்கள் உடைந்துவிடும். தகடுகளை ஐஸில் வைக்க வேண்டாம், ஃபார்மலின் பாட்டிலுக்கு அருகிலும் வைக்க வேண்டாம்.
* மாடு கருச்சிதைந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். மீண்டும் மீண்டும் நடந்தால் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.
* திடீரென இறந்து ரத்தம் வடியும் உடலை அறுக்காமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

மாட்டுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல வாய் இல்லை என்பார்கள். காது நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் அதற்குப் பதிலாகப் பேசும். அதைக் கேட்க நுண்ணோக்கி வேண்டும், பயிற்சி பெற்ற கண் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, முதல் ஊசிக்கு முன் இரண்டு நிமிடப் பொறுமை வேண்டும்.